ஓடுகள் உரைக்கும் காலம்

நுழையும்முன்

தரைமீது சிதறிக் கிடக்கும் உடைந்த பானையோடுகள் வழிப்போக்கர் கண்ணுக்கு வெறுங்குப்பை. கிடந்த இடத்தைக் குறித்து, முறையாகத் திரட்டி, ஒப்பிட்டு ஆராய்வோர்க்கு அவையே காலக்கணக்கேடு. கல்வெட்டில் இடம்பெறாத எளிய மாயா மக்கள் வாழ்ந்த காலத்தை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காட்டுக்குள் மறைந்த ஊர்கள்

நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் வடபகுதி பெட்டேன் எனப்படும் அடர்காடாகும். 2016ஆம் ஆண்டில் அக்காட்டின் மேலே வானூர்தி பறந்து, லேசர் கதிர்களைச் செலுத்தி நில அமைப்பை அளவிட்டது. ‘லைடார்’ எனப்படும் இம்முறையில், இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டு மீளும் கதிர்கள் நிலத்தின் மேடுபள்ளங்களைத் துல்லியமாகக் காட்டும். 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அதன் முடிவுகள் அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தின. 2,144 சதுர கிலோமீட்டர் பரப்பில் 61,480 பழங்கட்டுமானங்கள் அடையாளம் காணப்பட்டன. மரங்களின் கீழே வீட்டுமேடுகளும் சாலைகளும் வாய்க்கால்களும் அரண்களும் மறைந்திருந்தன.

ஆயினும், லேசர் கதிரால் விடைகூற இயலாத வினா ஒன்று உண்டு. இந்த வீட்டில் மக்கள் எப்போது வாழ்ந்தனர் என்பதே அவ்வினா. அறுநூறு ஆண்டு இடைவெளியில் எழுந்த இரண்டு வீடுகள் வான்படத்தில் அண்டை வீடுகளாகவே தோன்றும். எல்லா வீடுகளும் ஒரே காலத்தவை என்று கொண்டால், அந்நகரின் மக்கள்தொகை பன்மடங்கு மிகுந்ததாகத் தவறாகக் கணக்கிடப்படும். காலம் தெரியாத வீடு வரலாற்றில் இடம்பெற இயலாது. அக்காலத்தை அறிய, வானிலிருந்து இறங்கி, மேட்டின்மீது நடந்து, குனிந்து, மண்ணில் கிடக்கும் ஓட்டைப் பார்த்தல் வேண்டும்.

கல்வெட்டில் இடம்பெறாதவர்கள்

தென்கிழக்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீசு, ஒண்டுராசு, எல் சால்வடோர் ஆகிய நாடுகளில் மாயா நாகரிகம் பரவியிருந்தது. மாயா மொழிகளைப் பேசும் பல இலட்சம் மக்கள் இன்றும் அந்நிலங்களில் வாழ்கின்றனர். பழங்கால மாயா அரசர்கள் தம் பிறப்பு, முடிசூட்டு, போர்வெற்றி ஆகியவற்றை உயர்ந்த கல்தூண்களில் நாள் குறித்துப் பொறித்தனர். அதனால் அரசர் சிலரின் முடிசூட்டு நாளைக்கூட நம்மால் துல்லியமாகக் கூற முடிகிறது.

சோளம் விளைவித்த உழவருக்கும், நீர் சுமந்த பெண்ணுக்கும், சுண்ணாம்பு சுட்ட தொழிலாளிக்கும் கல்தூண் நாட்டியவர் எவருமிலர். அவர்கள் வாழ்ந்த வீடுகள் தாழ்ந்த மேடைமீது மரத்தாலும் ஓலையாலும் புல்லாலும் அமைந்தவை. வெப்பமண்டல மழையில் மரமும் ஓலையும் சில ஆண்டுகளில் மக்கிப்போயின. எஞ்சியவை மேடையும், கற்கருவிகளும், பானையோடுகளுமே.

இவற்றுள் காலத்தைக் காட்டுவதில் பானையோட்டுக்கே முதலிடம். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பானை எளிதில் உடையும். ஆனால் உடைந்த ஓடு எளிதில் அழியாது. இரண்டாவது, உடைந்த பானையைத் தொலைவுக்குச் சுமந்து செல்வார் இலர். வீட்டின் பின்புறக் குப்பையிலேயே அது சேரும். மூன்றாவது, பானையின் வடிவமும் நிறமும் விளிம்பும் தலைமுறைதோறும் மெல்ல மாறிவரும். மாயா குயவர்கள் சக்கரத்தைப் பயன்படுத்தவில்லை. களிமண்ணைத் திரித்துச் சுருளாக அடுக்கிக் கையாலேயே கலம் வனைந்தனர். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ கற்ற கைப்பழக்கத்தில் காலப்போக்கில் நேர்ந்த சிறு மாற்றங்களே இன்று காலத்தைச் சுட்டும் அடையாளங்களாக விளங்குகின்றன.

தரைக்கு வந்த ஓடுகள்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைந்த ஓடு தரைமேல் எவ்வாறு வந்தது? காட்டில் பெருமரம் ஒன்று காற்றில் சாயும்போது, அதன் வேர்ப்பிடிப்பில் இருந்த மண்ணும் ஓடுகளும் மேலெழும்புகின்றன. வளைதோண்டும் விலங்குகள் அடிமண்ணை வெளியே தள்ளுகின்றன. மழைநீர் மேட்டின் சரிவை அரித்து, உள்ளிருப்பதை வெளிப்படுத்துகிறது. ‘மில்பா’ எனப்படும் சோளக்கொல்லைக்காக உழவர் காட்டைத் திருத்தி எரிக்கும்போது, இலைச்சருகு நீங்கி ஓடுகள் கண்ணுக்குப் புலனாகின்றன. புதையல் தேடுவோர் தோண்டிய குழிகளின் ஓரத்திலும் அவை குவிந்து கிடக்கின்றன.

அகழாய்வுக்கு மிகுந்த காலமும் பொருளும் தேவை. ஆயிரக்கணக்கான மேடுகளையும் தோண்டிப் பார்த்தல் இயலாது. எனவே, எங்கே தோண்ட வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கவும், தோண்டாத இடங்களின் காலத்தை ஓரளவு அறியவும் மேற்பரப்புச் சேகரிப்பு உதவுகிறது.

சேகரிக்கும் முறை

மேற்பரப்புச் சேகரிப்பு என்பது கண்ணில் பட்டதைப் பொறுக்குதல் அன்று. முதலில் அரசின் அனுமதியும் நிலத்தில் பயிர்செய்வோரின் இசைவும் பெறுதல் வேண்டும். பின்னர் நிலத்தைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரிப்பர். கட்டமிட இயலாத இடத்தில் ஒரு முளையை அறைந்து, அதில் கயிறு கட்டிச் சுற்றிவந்து வட்டம் வரைவர். அவ்வெல்லைக்குள் கிடப்பவற்றை மட்டும் திரட்டுவர். எல்லாக் கட்டங்களின் பரப்பும் ஒன்றாக இருந்தால்தான் ஓரிடத்தின் ஓட்டு எண்ணிக்கையை மற்றோரிடத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும்.

வண்ண ஓவியம் தீட்டிய ஓடுகளை மட்டும் எடுத்து, கரிபடிந்த சமையற்சட்டியின் ஓடுகளை விட்டுவிடுதல் பெரும்பிழை. அவ்வாறு செய்தால் அவ்வீட்டார் நாள்தோறும் வண்ணக் கலங்களையே புழங்கினர் என்னும் பொய்த்தோற்றம் உண்டாகும். எனவே, கட்டத்துக்குள் உள்ள அனைத்தையும் எண்ணுதல் நெறி. ஓடு எதுவும் கிடைக்காத கட்டத்தையும் ‘இல்லை’ எனக் குறிப்பேட்டில் எழுதுவர். இன்மையும் ஒரு செய்தியே.

ஒவ்வொரு கட்டத்தின் ஓடுகளும் தனிப்பையில் இடப்படும். இடத்தின் பெயர், கட்ட எண், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதிய சீட்டு ஒன்று பையினுள்ளும் மற்றொன்று வெளியிலும் இருக்கும். வெளிச்சீட்டு மழையில் அழிந்தாலும் உட்சீட்டு நின்று உதவும். சீட்டு தொலைந்த பை, முகவரி தொலைந்த மடலைப் போன்றது. அதிலுள்ள ஓடு எவ்வளவு அழகியதாயினும், எந்த வீட்டுக்கு உரியது எனக் கூற இயலாமற் போகும்.

கழுவுதலும் வகைப்படுத்தலும்

ஆய்வுக்கூடத்தில் ஓடுகளை நீரில் மென்தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்துவர். சுட்டபின் சுண்ணச்சாந்து பூசி வண்ணம் தீட்டிய ஓடுகளைத் தண்ணீரில் இடுவதில்லை. இட்டால் வண்ணம் கரைந்துவிடும். உலர்ந்த ஓடுகளின் உட்புறத்தில் சிறிய எழுத்தில் எண்ணிடுவர். பின்னர் எண்ணி, எடையிட்டு, வகை பிரிப்பர்.

வகை பிரிக்கும்போது மூன்று கூறுகள் முதன்மையாகக் கருதப்படும். ஒன்று, வடிவம். விளிம்புத் துண்டு ஒன்று கிடைத்தால், பொதுமைய வட்டங்கள் வரைந்த தாளில் அதன் வளைவைப் பொருத்திக் கலத்தின் வாய்விட்டத்தை அறியலாம். அதன் சாய்வு, அது கிண்ணமா குடமா என்பதைக் கூறும். இரண்டு, மேற்பூச்சு. மூன்று, குழைமண். ஓட்டின் ஓரத்தைச் சிறிது உடைத்து, புதிய முறிவில் உருப்பெருக்கி வழியே நோக்கினால், களிமண்ணுடன் கலந்த மணலோ சுண்ணக்கல் துகளோ எரிமலைச் சாம்பலோ தெரியும்.

மழையும் அமில மண்ணும் தரையோடுகளின் பூச்சைப் பெரிதும் அரித்துவிடுகின்றன. வண்ணம் முற்றிலும் அழிந்த ஓட்டுக்கு வடிவமும் குழைமண்ணுமே சான்று. அவையும் தெளிவாக இல்லாத ஓடுகளை ‘அறிய இயலாதவை’ என ஒதுக்குவதே நேர்மை. ஐயத்துக்குரியதை ஐயம் என்றே எழுதுதல் ஆய்வாளரின் கடமையாகும்.

வாசாக்தூன் தந்த அளவுகோல்

ஓடு எவ்வகையைச் சார்ந்தது எனத் தெரிந்தபின், அவ்வகைக்கு உரிய காலம் எது என அறிதல் வேண்டும். இதற்கான அளவுகோல் தரைமேல் கிடைப்பதன்று. முறையான அகழாய்விலிருந்து பெறப்படுவது.

மாயா ஆய்வில் அவ்வளவுகோலைத் தந்த ஊர்களுள் முதன்மையானது வாசாக்தூன். பெட்டேன் காட்டில், புகழ்பெற்ற டிக்கால் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் 1926 முதல் 1937 வரை அங்கே அகழாய்வு நடத்தியது. பழைய தரையின்மேல் புதிய தரை, அதன்மேல் மற்றொரு தரை எனச் சுண்ணச்சாந்துத் தளங்கள் அடுக்கடுக்காய் வெளிப்பட்டன. கலையாத அடுக்கில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த ஓடுகளை இராபர்ட் சுமித் என்னும் அறிஞர் ஆராய்ந்து, அவற்றை நான்கு காலப்பிரிவுகளாக வரிசைப்படுத்தினார். மாமோம், சிக்கானெல், சாக்கோல், தெபேயு என்பன அவை. அவரது விரிவான நூல் 1955இல் வெளிவந்தது.

அடுக்கு முன்பின் முறையைத்தான் கூறும், ஆண்டைக் கூறாது. ஆண்டைப் பெற நாள் பொறித்த கல்தூண்கள் துணைநின்றன. வாசாக்தூனில் கி.பி. 328க்கு உரிய கல்தூண் ஒன்றும் கி.பி. 889க்கு உரிய கல்தூண் ஒன்றும் உள்ளன. இவ்வாறு நாள் பொறித்த தூண்களோடும் அவற்றைச் சார்ந்த கட்டடங்களோடும் மண்ணடுக்குகளை இணைத்து, ஓடுகளின் வரிசைக்கு ஆண்டுகள் குறிக்கப்பட்டன. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முறை 1949இல்தான் அறிமுகமாயிற்று. பின்வந்த ஆய்வாளர்கள் அம்முறையால் இவ்வரிசையைச் சரிபார்த்துச் செம்மைப்படுத்தினர்.

தெரிந்து தெளிவோம்

வாசாக்தூன் என்பதன் பொருள் ‘எட்டுக் கல்’. 1916இல் அவ்விடத்தைக் கண்டறிந்த சில்வனசு மார்லி இப்பெயரைச் சூட்டினார். அங்கிருந்த கல்தூணில் பொறித்த நாள், மாயா நெடுங்கணக்கின் எட்டு என்னும் எண்ணில் தொடங்கியதே இப்பெயருக்குக் காரணம். மாயா நாள்களை இன்றைய ஆண்டுகளாக மாற்றும் கணக்கை டிக்கால் கோயிலின் மர உத்தரம் ஒன்றும் உறுதிப்படுத்தியது. அவ்வுத்தரத்தின் கரிமக் கணிப்பு முடிவு 2013இல் வெளியிடப்பட்டது. அம்மரம் நாம் நன்கறிந்த சப்போட்டா. அதன் தாயகம் மாயா நிலமும் அதைச் சூழ்ந்த பகுதிகளுமே ஆகும்.

காலம் காட்டும் அடையாளங்கள்

மாமோம் காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கியது. அடுத்த சிக்கானெல் காலம் ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 250 வரை நீடித்தது. சிக்கானெல் ஓடுகளின் செம்பூச்சு, மெழுகு தடவினாற்போல் விரலுக்கு வழவழப்பாக இருக்கும். ‘சியெரா சிவப்பு’ என்னும் வகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கண்ணால் அறிவதற்கு முன் விரலால் அறியத்தக்க ஓடு இது.

கி.பி. 250 முதல் ஏறத்தாழ 600 வரையிலான சாக்கோல் காலத்தில் மெழுகுத்தன்மை மறைந்து பளபளப்பான பூச்சு வந்தது. கிண்ணத்தின் சுவரும் அடிப்பகுதியும் சேருமிடத்தில் வெளிநோக்கி நீண்ட பட்டை போன்ற விளிம்பு, இக்காலக் கலங்களின் சிறப்படையாளம். பூச்சு முழுதும் அழிந்தாலும் இப்பட்டை தன் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கி.பி. 600 முதல் 900 வரையிலான தெபேயு காலத்தில் பல வண்ண ஓவியங்கள் தீட்டிய உயரமான உருளைக் குவளைகளும் அகன்ற தட்டுகளும் பெருகின. அக்காலத்தின் இறுதியில் கலவைப்பொருள் தெரியாத அளவுக்கு நுண்ணிய குழைமண்ணால் ஆன ஆரஞ்சு நிறக் கலங்கள் பரவின.

ஓரூரின் வரிசையைப் பிற ஊர்களோடு ஒப்பிடப் பொதுவான பெயரிடுமுறை தேவைப்பட்டது. 1960ஆம் ஆண்டில் இராபர்ட் சுமித், கார்டன் வில்லி, சேம்சு கிஃபர்டு ஆகிய மூவரும் ‘வகையும் உள்வகையும்’ என்னும் முறையை மாயா மட்பாண்டங்களுக்கு விளக்கி எழுதினர். அதன்பின், ஓரூரில் கிடைத்த ஓட்டைத் தொலைவிலுள்ள மற்றோர் ஊரின் ஆய்வாளரும் ஒரே பெயரால் குறிப்பிட வழி பிறந்தது.

ஒரு சோறு பதமாகுமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. சோற்றுக்குப் பொருந்தும் இவ்விதி ஓட்டுக்குப் பொருந்தாது. ஓர் ஓட்டைக் கொண்டு ஒரு வீட்டின் காலத்தைக் கூறுதல் ஆகாது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு வீட்டுமேட்டில் 120 ஓடுகள் கிடைத்தன எனக் கொள்வோம். அவற்றுள் 70 ஓடுகள் தேய்ந்து அறிய இயலாதவை. எஞ்சிய 50இல் சிக்கானெல் 6, சாக்கோல் 4, தெபேயு 40. இம்மேட்டில் தெபேயு காலத்தில் மக்கள் வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் உறுதி. அந்த ஆறு சிக்கானெல் ஓடுகளோ இரண்டு வழிகளில் வந்திருக்கக்கூடும். அதே இடத்தில் முன்பே ஒரு வீடு இருந்திருக்கலாம். அல்லது, தெபேயு காலத்தார் மேடை அமைக்க வேறிடத்துப் பழங்குப்பையை அள்ளிக் கொட்டியிருக்கலாம். மாயா மக்கள் மேடைகளை நிரப்பப் பழைய குப்பைமண்ணைப் பெரிதும் பயன்படுத்தினர். எனவே, இவ்வையத்தைத் தீர்க்க அம்மேட்டில் ஓர் ஆய்வுக்குழி தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. கலையாத ஒரு தளத்தின் அடியில் பல காலத்து ஓடுகள் கலந்திருந்தால், அவற்றுள் மிகப் பிந்திய ஓடே கணக்கில் கொள்ளத்தக்கது. அத்தளம் அவ்வோட்டின் காலத்துக்கு முன்னர் அமைக்கப்பட்டிருக்க இயலாது. நூறு பழைய ஓடுகள் ஒருபுறம் இருந்தாலும், ஒரு புதிய ஓடு அவற்றின் சான்றை மாற்றிவிடும்.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. தரை பெரும்பாலும் கடைசியாக வாழ்ந்தவர்களையே காட்டும். முன்னோர் அவர்களுக்கு அடியில் மறைந்திருப்பர். வாசாக்தூனில் சிதைந்த நிலையிலிருந்த ஒரு பிரமிடின் வெளிப்பகுதியை அகற்றியபோது, அதன் உள்ளே சுண்ணச்சாந்து முகங்கள் அணிசெய்த மற்றொரு பிரமிடு சிதையாமல் இருந்தது. தரையோடுகளை மட்டும் நம்பியிருந்தால், அந்த முந்தைய பிரமிடு அறியப்படாமலே போயிருக்கும்.

வீடும் தோட்டமும்

மேற்பரப்பு ஓடுகள் காலத்தை மட்டுமன்றி வாழ்க்கையையும் காட்டும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் சாயில் என்னும் பழநகர் உள்ளது. 1980களில் செரமி சேபுலாப்பும் கேர் டூர்டெல்லாட்டும் தலைமையேற்று நடத்திய ஆய்வில், அரண்மனைகளோடு குடியிருப்புகளுக்கும் சிறப்பிடம் தரப்பட்டது. வீட்டுமேடைகளில் மட்டுமன்றி, அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களிலும் கட்டமிட்டு ஓடுகள் திரட்டப்பட்டன. எங்கே ஓடுகள் செறிந்துள்ளன, எங்கே அருகியுள்ளன என வரைபடமாக்கியபோது, வெற்றிடம் எனத் தோன்றியவற்றுள் பல, வீட்டைச் சார்ந்த தோட்டங்களாக இருந்திருத்தல் கூடும் என அறிஞர்கள் கருதினர். கல்வெட்டு எதுவும் கூறாத அந்தத் தோட்டத்தைக் காட்டியவை, கூர்மழுங்கிய சிறு ஓடுகளே.

இடமே பொருள்

தரையில் கிடக்கும் வண்ண ஓடு ஒன்றைக் கண்டு, அழகாக இருக்கிறதே என எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளுதல் எளிது. எடுப்பவர் கையில் ஓடு இருக்கும். அதன் பொருள் இராது. எந்த மேட்டில், எந்த ஓடுகளோடு, எந்தச் சரிவில் அது கிடந்தது என்னும் செய்தி அக்கணமே அழிந்துவிடுகிறது. தேய்ந்த ஓடுகள் மிகுந்த மேடொன்றில், காலம் காட்டும் அடையாளம் கொண்டது அந்த ஒன்றாகவே இருந்திருக்கலாம். அதை இழந்த மேடு, காலமற்ற மேடாகிறது. அங்கு வாழ்ந்த குடும்பம் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறை மறைகிறது.

இதனால்தான் மாயா நிலத்தின் நாடுகள் தொல்பொருள்களைச் சட்டத்தால் காக்கின்றன. ஆய்வாளர்களும் இயன்ற இடங்களில் ஓடுகளைக் களத்திலேயே எண்ணி, வரைந்து, ஒளிப்படம் எடுத்தபின் கிடந்த இடத்திலேயே விட்டுவிடும் முறையைக் கையாள்கின்றனர். நாளை வரும் ஆய்வாளர் இன்று நாம் கேட்க அறியாத வினாக்களைக் கேட்கக்கூடும். அவற்றுக்குச் சான்று எஞ்சியிருத்தல் வேண்டும்.

அரசன் தன் பெயர் நிலைக்க வேண்டுமெனக் கல்லில் பொறித்தான். பானை உடைந்தபோது அதைப் பின்புறத்தில் எறிந்த பெண்ணோ தன் காலத்தை எவர்க்கும் அறிவிக்க எண்ணியவள் அல்லள். எனினும், அவள் எறிந்த ஓடு எறிந்த இடத்தருகே கிடக்குமளவும் அவள் வாழ்ந்த காலம் அழிவதில்லை. அதைக் காண்பவர் செய்யத்தக்கது, ஓட்டையும் அதன் இடத்தையும் பிரிக்காதிருத்தலே.